ஆறு ரூபாய் கிளிப்பும் தொண்ணூறாயிரம் ரூபாய் கடனும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு மாதம் ஆகிறது. மார்ச் 31 கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட் என்று ஆபீஸில் ஏகப்பட்ட ஆணி. (அதில் தேவையான ஆணி எது, தேவையில்லாத ஆணி எது என்று கேட்காதீர்கள், எல்லாமே புடுங்க வேண்டியதுதான்.) இந்தப் பதிவும் ஓர் ஆணியைப் பற்றியதுதான். என் பைக்கின் சைடு பேனலைப் பிடித்துக்கொண்டிருந்த, சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கிளிப். நாலு வாரம் தில்லியில் தேடினேன். கிடைக்கவில்லை.

கிடைக்காததைச் சொல்லிப் புலம்புவதற்காக மட்டும் உட்காரவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போது புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் கோபம் அதிகமாகிவிட்டது.

முதலில் வண்டியைப் பற்றி. 2017 கடைசியில் விருதுநகரில் வாங்கிய 125 சிசி. என்னோடு விஜயவாடா, போபால், தில்லி என்று மூன்று முறை மாற்றலாகி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்ரோலை வடித்து, சாக்கும் வைக்கோலும் சுற்றி, ரயில் பார்சலில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். (டிஎன் 67 நம்பரை மாற்ற அலைந்த கதைக்குத் தனிப் பதிவு வேண்டும்.) என்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. தங்கமணி அதை "உங்க மூத்த பிள்ளை" என்பாள். கிண்டலாகத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன் :-)

போன மாதம் சர்வீஸுக்கு விட்டேன். பேட்டரியைப் பார்க்க சைடு பேனலைக் கழற்ற வேண்டும். அங்கிருந்த பையன் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியிருக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேனல் ஆடுகிறது, கிளிப்பின் கால் இரண்டாக முறிந்து கிடக்கிறது. மறுநாள் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கிளிப் அகேலா நஹீ ஆத்தா சார், பூரா செட் லேனா படேகா."

அதாவது கிளிப் தனியாக வராது, பேனல் செட்டாகத்தான் வாங்க வேண்டும். விலை 1,840 ரூபாய். அதுவும் என் வண்டியின் நிறத்தில் இல்லை, ஆர்டர் போட்டால் மூன்று வாரம் ஆகும். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 விதி வந்தபோது அந்த மாடலின் உருவத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய உருவத்துக்கு வருவதே அபூர்வமாம். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது விற்பனைப் பிரிவுப் பையன் ஒருவன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, "இதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள் சார், லோன் இங்கேயே ஏற்பாடு பண்ணித் தருகிறோம்" என்றான்.

எனக்கே லோன்!

இருக்கட்டும், கணக்குப் போடுவோம். அதுதானே நமக்குத் தெரிந்த ஒரே வித்தை. 90,000 ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 36 மாதம். மாதத் தவணை ஏறக்குறைய 2,950 ரூபாய். வட்டி மட்டுமே 16,000-ஐத் தாண்டும். ஆறு ரூபாய் பெறாத ஒரு பொருளைத் தனியாக விற்க மனமில்லாததால் 1,840 ரூபாய் என்றார்கள், அதுவும் கையில் இல்லாததால் 90,000 ரூபாய் கடன் என்றார்கள். அப்படிப்பட்ட கடன் மனுக்களில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். "பழைய வண்டி சரியில்லை" என்று காரணம் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வண்டி சரியில்லை, எத்தனை பேருக்குக் கிளிப் சரியில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் போனேன். தில்லியில் டூ வீலர் சாமானுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து சைலன்சர் வரை கடைக்குக் கடை தொங்குகிறது. கிளிப் கேட்டால் கார் கிளிப் டப்பாவைத் தள்ளுகிறார்கள். ஒன்று தலை பெரிது, ஒன்று கால் நீளம், ஒன்று ஓட்டைக்குள் கலகலவென்று ஆடுகிறது. ஆன்லைனில் 100 எண்ணம் கொண்ட கலவைப் பெட்டி ஒன்றும் வரவழைத்தேன். நூறில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வீட்டில் இப்போது சின்னவளின் கைவினை வேலைக்குப் பயன்படுகிறது.

கடைசியில் ரோட்டோர மெக்கானிக். இங்கே உஸ்தாத் என்பார்கள். நல்ல மனிதர். "இதுக்கு எதுக்கு சாப் கிளிப்" என்று ஒரு நீளமான ஸ்க்ரூவை ஏற்றி முடுக்கிவிட்டார். இருபது ரூபாய். பேனல் கெட்டியாக நின்றது. நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு எட்டரை மணி. சின்னவளை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு தௌலா குவான் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் கத்துகிறார், "பாயி சாப், பீச்சே லைட் நஹீ ஹை!" ஓரமாக நிறுத்திப் பார்த்தால் டெயில் லைட்டும் இல்லை, பிரேக் லைட்டும் இல்லை. பேனலுக்குப் பின்னால் போகும் வயர் கட்டில் அந்த நீள ஸ்க்ரூவின் முனை உரசி உரசித் தோலைக் கிழித்து, ஃபியூஸ் போயிருந்தது. எப்போது போனதோ தெரியாது. பின்னால் டிடிசி பஸ்ஸும் லாரியும் வருகிற சாலையில், விளக்கில்லாத வண்டியில், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. "சின்ன கிளிப்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் சுர்ரென்று ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

மறுநாள் விருதுநகருக்குப் போன் போட்டேன். என்னோடு படித்து, ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மெக்கானிக் ஆனவன். முப்பது வருடமாக அதே தெருவில் கடை.

"எத்தனை மில்லி ஓட்டைடா?" என்றான்.

"தெரியல மாப்ள."

"அளக்காம கடை கடையா ஏறி இறங்கினா எவன் குடுப்பான்? பேங்க்ல கையெழுத்துப் பார்க்காமத்தான் பணம் குடுக்கிறியா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அவன் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பாதிப் பேர் வீட்டில் பைக் இருக்கிறது.

பேனலைப் பிடிக்கும் சமாச்சாரம் பொதுவாக மூன்று வகை. ஒன்று, நடுவில் ஊசி உள்ள கிளிப். ஊசி உள்ளே இருக்கும்போது அதன் கால்கள் விரிந்து பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் இருப்பதுபோன்ற வகையில், பேனா முனையால் ஊசியை லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் கால்கள் சுருங்கி முழுசாக வெளியே வந்துவிடும். திரும்ப மாட்டும்போது ஊசியை முதலில் மேலே தூக்கிவிட்டுச் சொருகி, பிறகு தலையோடு சமமாக அழுத்த வேண்டும். சிலவற்றில் ஊசியை மேலே இழுக்க வேண்டும், அல்லது பிளஸ் ஸ்க்ரூ போலத் திருக வேண்டும். எந்த வகையையும் நெம்பக் கூடாது. நெம்பினால் கால் முறியும்.

இரண்டாவது, பேனலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முளை. அது சேஸில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் போய் உட்காரும். மூன்றாவது, தகட்டின் ஓரத்தில் கவ்வியிருக்கும் யு வடிவ நட்டு. அதில் ஸ்க்ரூ ஏறும். இது விழுந்து காணாமல் போனால்தான் நம் ஆட்கள் நீள ஸ்க்ரூவைத் தேடுவார்கள்.

இதில் அந்த ரப்பர் புஷ்தான் விவகாரமே. வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் சில வருடத்தில் ரப்பர் இறுகிக் கட்டையாகிவிடும். அப்போது பேனலை இழுத்தால் ரப்பர் விடாது, முளைதான் ஒடியும். முளை ஒடிந்தால் பேனலே போச்சு. அதாவது சில ரூபாய் பெறும் ரப்பரைக் காலாகாலத்தில் மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் பெறும் பேனல் ஒடியாது. ரப்பரைத் தனியாக விற்காமல் இருந்தால் என்ன ஆகும்? பேனல் விற்கும். நான் கெட்ட எண்ணம் கற்பிக்கவில்லை. எந்தப் பக்கம் காசு சேர்கிறது என்று மட்டும் காட்டுகிறேன். பற்று எழுதினால் வரவு எங்கே என்று பார்ப்பது பி.காம். படித்தவனின் வியாதி.

அளக்க வேண்டியது மூன்றே மூன்று: ஓட்டையின் விட்டம், பேனலும் அதன் பின்னால் உள்ள தகடும் சேர்ந்த தடிமன், கிளிப் தலையின் விட்டம். ஹார்டுவேர் கடையில் வெர்னியர் இருக்கும், இல்லையென்றால் டிரில் பிட்டை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். கிளிப் நைலான் என்றால் மாட்டும் முன் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு வையுங்கள். நைலான் ஈரம் குடித்தால் வளையும், காய்ந்தால் மொடுக்கென்று ஒடியும். மே மாத தில்லிக் காற்றில் அது என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி மாட்டுங்கள். பெட்ரோல் வேண்டாம், ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

சரி, இனி சண்டைக்கு வருவோம்.

முதலில் டீலர் மேல்தான் கோபம் வந்தது. ஆனால் எனக்கு டீலர்களைத் தெரியும், மாதா மாதம் அவர்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பவன் நான். கையிருப்பைக் காட்டித்தான் அவர்கள் ரொக்கக் கடன் எடுக்கிறார்கள். விற்காமல் மாதக் கணக்கில் தூங்கும் சரக்கை நாங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். கழித்தால் அவர் எடுக்கக்கூடிய பணம் குறையும். வருஷத்துக்கு நாலு பேர் கேட்கும் கிளிப்பை எந்த டீலர் அடுக்கி வைப்பார்? வைக்க மாட்டார். அதில் என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் டீலர் சொன்னது "ஸ்டாக் இல்லை" என்று இல்லையே. அவர் பார்த்த பட்டியலில் அப்படி ஒரு பொருளே தனியாக இல்லை. அது கம்பெனியின் முடிவு.

கம்பெனிக்காரர் பக்க நியாயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைத் தனியாக விற்றால் அதற்கு ஒரு எண், ஒரு கவர், கவர் மேல் எம்ஆர்பி, மாதம், வருடம், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். கிளிப்பைவிடக் கவருக்குச் செலவு அதிகம். நியாயம்தான். பத்துப் பத்தாக ஒரு கவரில் போட்டு அறுபது ரூபாய்க்கு விற்க யார் தடுத்தது? நான் வாங்க மாட்டேனா? உஸ்தாத் வாங்கி வைக்க மாட்டாரா?

"மாடலுக்கு மாடல் கிளிப் வேறு, என்ன செய்வது?" என்பார்கள். ஏன் வேறு? 6 மில்லி போல்ட் தொலைந்தால் யாராவது கம்பெனிக்கு ஓடுகிறோமா? எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். விஜயவாடாவில் வாங்கினால் தில்லியில் பொருந்தும். போல்ட்டுக்கும் நட்டுக்கும் இந்தியத் தர அளவு உண்டு, ஐஎஸ் 1367. டயருக்கு அளவு உண்டு, பல்புக்கு உண்டு. இரும்புக்கு இருக்கிற ஒழுங்கு பிளாஸ்டிக்குக்கு வரக் கூடாதா? நாலு அளவு போதும் என்று கம்பெனிகள் கூடி உட்கார்ந்து முடிவு செய்தால் நாடு முழுக்கப் பெட்டிக்கடையில் தொங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். கார் விஷயத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஒரு உத்தரவு போட்டது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் தாராளமாக விற்காமல் தங்கள் ஆட்களிடமே முடக்கி வைக்கிறார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். வெளி மெக்கானிக்குகளுக்கும் பாகம் கிடைக்க வழி செய்யச் சொன்னது. பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று இழுத்தது. அந்தப் பதினாலில் ஒன்றுகூட பைக் கம்பெனி என்ற முறையில் விசாரிக்கப்படவில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24 அன்று இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நாலு துறை. நல்ல ஆரம்பம். ஆனால் அடுத்த கட்டமாக எதை எளிதில் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்தை செல்போனிலும் மின்னணுச் சாமான்களிலும்தான் தொடங்கினார்கள். இந்த நாட்டில் குடும்பம் ஓட்டுவது பைக்.

2025 செப்டம்பர் 22 முதல் டூ வீலர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரம். தனியாக விற்கவே விற்காத பொருளுக்கு வரி குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

இன்னொன்று. 2015-லிருந்து முத்ரா கடன் கொடுக்கிறோம். சிசு வகையில் 50,000 ரூபாய் வரை. என் மேஜைக்கு வருகிறவர்களில் மெக்கானிக்குகள் உண்டு. தொழில் செய், முன்னேறு என்று ஒரு கையால் கடன் கொடுக்கிறோம். தொழிலுக்கு வேண்டிய சாமானை இன்னொரு கை பூட்டி வைக்கிறது. கிளிப் கிடைத்திருந்தால் அந்த உஸ்தாத் நீள ஸ்க்ரூவை எடுத்திருக்க மாட்டார். அவருடைய கைப்பிழை என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் கையில் இருந்தது ஸ்க்ரூ மட்டும்தான்.

"ஒரு கேபிள் டையைப் போட்டுக் கட்டிட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். வாங்க. கட்டலாம். நானும் பத்து நாள் கட்டியிருந்தேன். அதிர்வில் பெயின்ட்டைத் தேய்க்கும், பேட்டரியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வெட்ட வேண்டும். என் கேள்வி அது இல்லை. அரசாங்கம் என் வண்டிக்கு 15 வருடம் பதிவு கொடுத்திருக்கிறது. சாலை வரியை மொத்தமாக முதலிலேயே வாங்கிக்கொண்டது. 2032 வரை இந்த வண்டி ஓடலாம் என்று ஆர்சி சொல்கிறது. செய்து விற்றவனுக்கு மட்டும் பொறுப்பு ஏழெட்டு வருடத்தில் முடிந்துவிடுமா?

நான் கேட்பது நாலு விஷயம். பேனலைப் பிடிக்கும் ஒவ்வொரு கிளிப்புக்கும், ரப்பருக்கும், நட்டுக்கும் தனி எண், தனி விலை. அந்தப் பட்டியல் டீலர் கம்ப்யூட்டரில் மட்டும் இல்லாமல் வண்டி வைத்திருக்கும் எவரும் பார்க்கும்படி, ஓட்டை அளவோடு. கம்பெனிகளுக்குப் பொதுவான சில அளவுகள். பதிவு செல்லும் 15 வருடத்துக்குச் சப்ளை. இதில் எதற்கும் புதுத் தொழில்நுட்பம் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. "செட்டாகத்தான் வரும்" என்றால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள், ஆனால் கேட்டவுடன் பேச்சின் தொனி மாறும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் புகாரைப் பதியுங்கள். நான் பதிந்திருக்கிறேன், என்ன ஆனது என்று எழுதுகிறேன். சர்வீஸுக்கு விடும்போது பேனல் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நெம்பினால் தடுங்கள். வெட்கப்படாதீர்கள், வண்டி உங்களுடையது.

என் பேனலுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். போன வாரம் அம்மாவிடமிருந்து பார்சல் வந்தது. முறுக்கு, மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல். நடுவில் துணியில் சுற்றிய ஒரு பழைய தைல பாட்டில். தங்கமணி திறந்து முகர்ந்து பார்த்தாள், தைலம் இல்லை. உள்ளே பதினெட்டு கறுப்புக் கிளிப்பும் ஆறு ரப்பர் புஷ்ஷும். பழைய வண்டிகளை உடைக்கும்போது மாப்பிள்ளை கழற்றிச் சேர்த்து வைத்திருந்தவை. அம்மாவே அவன் கடைக்கு நடந்து போய் வாங்கி வந்து முறுக்கோடு வைத்திருக்கிறாள். காசு வாங்க மாட்டேன் என்று விட்டானாம்.

மூன்றை வெந்நீரில் போட்டு மாட்டினேன். பேனல் இப்போது ஆடவில்லை. டெயில் லைட்டும் எரிகிறது, தினமும் கிளம்பும் முன் சின்னவள் பின்னால் நின்று பார்த்துச் சொல்கிறாள்.

கோடிக்கணக்கில் வண்டி செய்து விற்கும் நாட்டில், விருதுநகர் தெருவிலிருந்து முறுக்கு டப்பாவில்தான் தில்லிக்குக் கிளிப் வர வேண்டும் என்றால் அது பெருமைப்படும் விஷயமா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் ஊரில் ஒரு மெக்கானிக் நண்பன் இருக்க மாட்டான். அம்மாவும் எத்தனை நாளைக்கு நடப்பாள்?

பி.கு: பாட்டிலில் இன்னும் பதினைந்து கிளிப் இருக்கிறது. எட்டு மில்லி ஓட்டை. தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் கொண்டு வந்து தருகிறேன். முதலில் அளந்துவிட்டு வாருங்கள். அளக்காமல் வந்தால் மாப்பிள்ளையின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவேன், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள் :-)